எந்தத் தெரு

புதிதாக ஓர் ஊருக்கு வந்தவன் எந்தப் பகுதியில் வீடு பிடிக்கலாம் என்று நாலு பேரைக் கேட்பான். லிஃப்ட் பழுது பார்க்கும் லிஃப்ட்காரர் யாரையும் கேட்கமாட்டார், லிஃப்டைப் பார்ப்பார். கதவின் அடியில் உதைத்த பள்ளம் இருந்தால் அந்தக் கட்டடத்தில் பொறுமை கெட்டவர்கள் குடியிருக்கிறார்கள். பொத்தான்களைச் சிகரெட்டால் சுட்டு வைத்திருந்தால் வேலை இல்லாத பையன்கள் அதிகம். கண்ணாடி பளபளவென்று இருந்தும் மூலையில் மூத்திர வாடை அடித்தால் நாய் வளர்க்கும் கௌரவமான மனிதர்கள். அந்த அயல்நாட்டுப் பெருநகரத்தில் அவர் கால் படாத பகுதி இல்லை. ஆனால் எல்லாவற்றையும் லிஃப்ட் ஓடும் குழிக்குள் நின்றே பார்த்திருந்தார், தெருவில் நின்று பார்த்ததில்லை.

குழிக்குள் வெயில் காலமும் கிடையாது, மழைக் காலமும் கிடையாது. காற்று மட்டும் உண்டு. மேலே மோட்டார் அறைக் கதவைத் திறந்தால் அடியிலிருந்து கிளம்பி வந்து காதுக்குள் குடியேறும். லிஃப்டைத் தூக்கும் இரும்பு வடத்தில் கிரீஸ் ஊறி, கறுத்த பசையாகக் கட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வடத்தின் மேல் துணியைச் சுற்றி மெல்லத் தடவிக்கொண்டே போக வேண்டும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. கையுறை போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு ஏறிவிடும். எந்த சோப்புக்கும் அது அசையாது.

மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் அவர் தன் வழக்கப்படிதான் வீடு பார்த்தார். பழுது என்று ஒருமுறைகூட அழைப்பு வராத கட்டடம் ஒன்று நகரத்தின் மறுகோடியில் இருந்தது. அகலமான தெரு, இருபுறமும் மரங்கள், துடைத்து வைத்த படிகள். லிஃப்ட் ஏறும் சத்தமே கேட்காது. இதைவிட என்ன வேண்டும் என்று அட்வான்ஸைக் கட்டிவிட்டார்.

மனைவி வந்து இறங்கிய வாரமே அதற்கு ஊமைத் தெரு என்று பேர் வைத்தாள். அவள் ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பதற்குள் வந்தவரின் சம்பந்தி சண்டை வரைக்கும் விசாரித்து முடித்துவிடுவாள். அப்படிப்பட்ட வாய்க்கு இங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. லிஃப்டுக்குள் ஏறுகிறவர்கள் அவளைப் பார்த்து அரைச் சிரிப்புச் சிரிப்பார்கள். பிறகு மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், என்னவோ அதில்தான் பிழைப்பு இருக்கிற மாதிரி. யாரும் கெட்டவர்கள் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிடுவார்கள், அவ்வளவுதான்.

"இந்தத் தெருவுல ஒரு நாய்கூட குரைக்க மாட்டேங்குதுங்க. அதுக்கும் கத்துக்கொடுத்து வச்சிருக்காங்க," என்றாள் ஒருநாள்.

"அமைதியா இருக்குன்னு சந்தோஷப்படு."

"அமைதி வேணும்னா நான் ஏன் கல்யாணம் பண்ணிக்கிறேன்."

தனக்காக மட்டும் என்றால் அவள் எப்படியோ சமாளித்திருப்பாள். மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது, இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. ஊரில் இருந்தவரை அம்மா, தாத்தா, வா, போ என்று கொஞ்சம் சொற்களை வைத்திருந்தாள். இங்கே வந்த பிறகு ஒவ்வொன்றாக அவற்றையும் விட்டுவிட்டாள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவாள். கிடைக்காவிட்டால் அழமாட்டாள், திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அழுதிருந்தால்கூடப் பெற்றவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேச்சு வராத பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மா அந்த நாட்டுக்காரர். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மர பொம்மைகளைப் பரப்பி வைத்து, பாப்பாவை வெகுநேரம் கவனித்தார். காது நன்றாகக் கேட்கிறது, குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். வீட்டில் பேசுகிற மொழி தெருவிலும் காதில் விழ வேண்டும், அந்த மொழி பேசும் பிள்ளைகளோடு இவளை விடுங்கள் என்றார். பள்ளியில் சேர்ப்பதற்குள் பேச்சு வந்துவிட்டால் நல்லது, வராவிட்டால் இவளைப் பேசாத பிள்ளைகளுக்கான தனிப்பள்ளிக்குத்தான் அனுப்பச் சொல்வார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். லிஃப்ட்காரருக்கு அந்த மொழி பாதிதான் புரியும். ஆனால் கடைசிச் செய்தி முழுசாகப் புரிந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஆரம்பித்தாள்.

"நம்மாளுங்க ஏரியாவுக்குப் போயிடலாங்க."

நகரத்தின் பழைய பகுதியில், சந்தைக்குப் பின்னால், நாலைந்து தெருக்கள் முழுக்க நம் மொழிக்காரர்கள் இருந்தார்கள். கடைப் பலகையிலிருந்து தெருச்சண்டை வரைக்கும் அங்கே எல்லாம் நம் மொழிதான். மனைவி வந்ததிலிருந்து லிஃப்ட்காரர் அவளை அந்தப் பக்கம் ஒருமுறைகூடக் கூட்டிப் போனதில்லை.

"அங்க வீடெல்லாம் ரொம்பப் பழசு. லிஃப்டே கிடையாது," என்றார்.

"ரெண்டு மாடி ஏற லிஃப்ட் எதுக்கு, கால் எதுக்கு இருக்கு?"

"எலித் தொல்லை வேற."

"எலியாவது சத்தம் போடும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை கண்ணாடியில் கோணல்மாணலாக இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வேறு வேறு பகுதிகளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். ஒரு வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ரயில் போகும்போது அலமாரிக் கதவு தானாகத் திறந்து மூடியது. இங்கே பாப்பா பேசினாலும் நமக்குக் கேட்காது என்றாள் அவள். இன்னொரு வீட்டில் வாசலிலேயே நிற்க வைத்த வீட்டுக்காரக் கிழவி, பாப்பாவைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் சத்தம் போடுவார்கள், எனக்கு ஒத்துவராது என்றாள். அவர் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"இதுகிட்டேர்ந்து சத்தம் வருமான்னுதான் நாங்க தெருத்தெருவா அலையறோம்னு சொல்லுங்க," என்றாள் அவள். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

கடைசியில் அவளே ஒருநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, பஸ் மாறி மாறி, சந்தைக்குப் பின்னால் போய் இறங்கிவிட்டாள். தெருவில் கால் வைத்ததும் யாரோ யாரையோ, "ஏம்ப்பா, கண்ணு தெரியல?" என்று திட்டியது காதில் விழுந்தது. அந்தத் திட்டுக்காக அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு. ஒரு மளிகைக்கடையில் வீடு ஏதாவது உண்டா என்று விசாரித்தாள். கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "நில்லும்மா, மூச்சு வாங்கிக்கோ முதல்ல," என்று ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். கடைக்கு மேலேயே இரண்டு அறை காலியாக இருந்தது. பேச்சு மும்முரத்தில் பாப்பாவைக் கவனிக்கவில்லை. கடைக்காரம்மாவின் கடைசிப் பையன் பாப்பாவின் பந்தைப் பிடுங்கிக்கொண்டு, "தர மாட்டேன், தர மாட்டேன்," என்று குதித்துக்கொண்டிருந்தான். பாப்பா அவனையே பார்த்தபடி நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"தா," என்றாள்.

அம்மாக்காரி கையில் வாங்கிய அரிசிப் பையோடு அப்படியே நின்று அழுதாள். கடைக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் சேர்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். அவர் பழைய துணியில் மண்ணெண்ணெயை நனைத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது.

"நான் வந்த புதுசுல அங்கதான் இருந்தேன்," என்றார்.

"தெரியும். ரூம் பசங்களோட ஃபோட்டோ எல்லாம் அனுப்பினீங்களே."

"ஏன் விட்டுட்டு வந்தேன்னு உனக்குச் சொன்னதில்ல." துணியை மடித்து வைத்தார். "ரூம்ல ஒருத்தனுக்கு வேலைக்கு இன்டர்வியூ. தலை காடு மாதிரி கிடந்துச்சு. கடைக்குப் போனா இங்க கொள்ளையடிப்பானுங்க. உட்காருடா, நான் வெட்டி விடறேன்னேன். சின்ன வயசுல அப்பாகூடக் கடையில நின்ன கை. சும்மா இருக்குமா? பின்னங்கழுத்துல ஸ்கேல் வச்ச மாதிரி கோடு எடுத்துவிட்டேன். எல்லாரும் பாராட்டினாங்க. ஒருத்தன் மட்டும் பாராட்டல. இது பழகின கையா இருக்கே, அப்பா என்ன பண்றார்னு கேட்டான். நான் மறைக்கல. எதுக்கு மறைக்கணும்? முடி வெட்டறார்னு சொன்னேன்."

"ரூமை விட்டுப் போகச் சொல்லிட்டாங்களா?"

"போகச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமே. சண்டையாவது போட்டிருக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லல. எப்பவும் போல ஒண்ணாத்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த ஞாயித்துக்கிழமை ஒருத்தன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு என் கட்டில் முன்னாடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெட்டி விடறியான்னு கேட்கல. உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னாடி இன்னொருத்தன். அப்புறம் பக்கத்து ரூம். வேலை முடிஞ்சு வந்து படுத்தா எழுப்புவாங்க. சிரிச்சுக்கிட்டேதான் எழுப்புவாங்க. யார்கிட்டன்னு கோவிக்கறது?"

அவள் பூட்ஸை எடுத்துச் சுவர் ஓரமாக வைத்தாள்.

"அது கல்யாணமாகாத பசங்க, இப்ப ஆளுக்கொரு ஊராப் போயிருப்பாங்க. இவங்க குடும்பக்காரங்க," என்றாள். "அதெல்லாம் கேட்க மாட்டாங்க."

"கேட்பாங்க. சாப்டாச்சான்னு கேட்கற மாதிரி கேட்பாங்க. எந்த ஊருன்னு முதல்ல. ஊர்ல எந்தப் பக்கம்னு அப்புறம். அதுக்கப்புறம் எந்தத் தெருன்னு. தெரு வந்ததும் நிறுத்திக்குவாங்க. அதுக்கு மேல அவங்களுக்குத் தேவையில்ல."

"பாப்பா 'தா'ன்னு கேட்டாளேங்க," என்றாள் அவள்.

அவர் எழுந்து துணியை ஜன்னலில் காயப் போட்டார்.

மளிகைக்கடைக்கு மேலே இருந்த வீட்டில் சுவர் ஓரங்களில் ஈரம் பூத்திருந்தது. மரப்படிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் முனகின. கீழேயிருந்து அரிசி மூட்டையின் வாசனையும் சணல் வாசனையும் வந்துகொண்டிருந்தன. லிஃப்ட்காரர் பழக்கதோஷத்தில் ஜன்னல் கீல்களை அசைத்துப் பார்த்தார். வீட்டுக்காரரான மளிகைக்கடைக்காரர் நல்ல மனிதர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார். குழந்தைக்கு என்று ஜன்னலுக்குக் கம்பி அடித்துத் தருகிறேன் என்று கேட்காமலே சொன்னார்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் டீயை ஆற்றிக்கொண்டே.

லிஃப்ட்காரர் சொன்னார்.

"அட, எங்க மாமியார் வீட்டுக்குப் பக்கத்துல. ஊர்ல எந்தப் பக்கம், தம்பி?"

"பெரிய தெருதாண்ணே."

"பெரிய தெருவா? அப்பா?"

"விவசாயம்."

மனைவி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டாள். மளிகைக்கடைக்காரர் முதுகை நிமிர்த்தி வசதியாகச் சாய்ந்துகொண்டார். "அப்ப நம்மாளுதான்," என்றார். அந்தப் பகுதி முழுக்க நம்மாளுங்கதான் என்று கொஞ்சநேரம் முன்னால் சொன்ன வாய்தான் இதையும் சொன்னது.

படி இறங்கும்போது அவள் மெதுவாக, "ஒரு டீ குடிக்கறதுக்குள்ள உங்கப்பாவுக்கு நிலம் எழுதி வச்சிட்டீங்க. பத்திரம் எங்க?" என்றாள். அவரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

வீடு மாறிய பிறகு பாப்பாவுக்குப் பேச்சு குழாயைத் திறந்துவிட்டது போல் வந்தது. முதலில் தா, அப்புறம் தரமாட்டேன். தெருப்பிள்ளைகளிடமிருந்து நல்லதும் கெட்டதுமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கடைக்காரம்மாவை அத்தை என்றாள். ஒருநாள் அப்பாவைப் பார்த்து, "போடா லூசு," என்றபோது அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவளைத் தூக்கிச் சுற்றினார். அவள் அம்மாவும் பழைய ஆளாகிவிட்டாள். மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பருப்பு புடைத்துக் கொடுத்துக்கொண்டே தெருவின் மூட்டுவலி, சர்க்கரை, மருமகள் தொல்லை எல்லாவற்றுக்கும் வைத்தியம் சொன்னாள்.

ஊரில் இருந்த மாமனாரிடம் பேசுவதில்தான் சிக்கல் வந்தது. ஊமைத் தெருவில் இருந்தபோது அவர் கடையிலிருந்தே வீடியோவில் கூப்பிடுவார். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் இருப்பவர் தலையில் தண்ணீர் அடித்து வெட்டிக்கொண்டே பேத்தியைக் கொஞ்சுவார். பேச்சில்லாத அந்தப் பிள்ளை கத்தரிச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தபடி முழு நேரமும் உட்கார்ந்திருக்கும். இங்கே கதவுக்குக் கதவு காது இருந்தது. கடை நேரத்தில் வரும் அழைப்பை அவள் எடுப்பதில்லை.

"ஏம்மா, போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கற?" என்றார் மாமனார்.

"கீழ ஒரே இரைச்சல் மாமா. நீங்க கடை அடைச்சு வீட்டுக்குப் போனதும் கூப்பிடுங்க."

"நான் வீட்டுக்குப் போறப்ப அங்க பாப்பா தூங்கிடுதே. கத்தரி சத்தம் கேட்டா சிரிக்குமே அது."

"இப்ப நல்லாப் பேசறா, மாமா."

"பேசறாளா?" என்றார் மாமனார். "பேசறதை நான் எப்பதான் கேட்கறது?"

வெட்கப்பட வேண்டியவர் அந்த மனிதர் இல்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஃபோனை வைத்துவிட்டாள்.

பள்ளி திறக்க ஓரிரு மாதங்கள் இருந்தபோது கடைக்காரம்மா தன் கடைசிப் பையனைப் பின்கட்டில் உட்கார வைத்து நெற்றி முடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டி ஆட்டி ஊரைக் கூட்டினான். பாப்பா பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் அம்மா துவைத்த துணி வாளியோடு படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, அப்படி இல்ல," என்றாள் பாப்பா. "முதல்ல தண்ணி அடிக்கணும், புஸ்ஸு புஸ்ஸுன்னு. அப்புறம் தலையைக் குனியச் சொல்லணும். எங்க தாத்தா சொன்னா எல்லாரும் குனிவாங்க."

"உங்க தாத்தாவா கண்ணு?"

"தாத்தா கடையில. பெரிய நாற்காலி சுத்தும். தாத்தா எல்லாருக்கும் முடி வெட்டும், தாடியும் எடுக்கும்."

பாப்பா அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மாக்காரிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் வாளி கனத்தது. கடைக்காரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முகத்தில் அதே சிரிப்புதான் இருந்தது. "நல்லாப் பேசறாளே உம் பொண்ணு," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மரப்படிகள் முனகின.

"என்னப்பா, இருக்கியா?"

வாங்க தம்பி, போங்க தம்பி என்று இத்தனை நாள் அழைத்த மளிகைக்கடைக்காரர்தான். தோளில் துண்டு கிடந்தது.

"வாங்கண்ணே," என்றார் லிஃப்ட்காரர்.

"முடி காதுல விழுது பாரு. கடைக்குப் போனா நம்பர் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கணும். நீதான் சும்மா இருக்கியே."

"எனக்கு அது வராதுண்ணே. நான் லிஃப்ட் வேலை பார்க்கறவன்."

"வராம எங்க போகும்? எங்ககிட்ட எதுக்குப்பா மறைக்கற? நாங்க அதெல்லாம் பார்க்கற ஆளா?" அவர் உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "விவசாயம்னு பொய் சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமா போச்சு. சரி, விடு. நானும் அதைப் பெருசு பண்ணல. பின்கட்டுல ஸ்டூலைப் போட்டு வைக்கறேன், வா."

அவர் இறங்கிப் போனதும் லிஃப்ட்காரர் கதவைச் சாத்தினார். மனைவி அடுப்பைப் பார்த்து நின்றாள்.

"ஒரு தடவை வெட்டிவிட்டுட்டு வந்துடுங்க," என்றாள் திரும்பாமலே.

"நான் உன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன்."

"சொன்னீங்க. பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும்தாங்க. இப்ப இங்கேர்ந்து கிளம்பினா பாப்பா மறுபடி சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துக்கும். நீங்க காலையில போனா சாயங்காலம் வர்றீங்க. அதை நாள் பூரா பார்த்துக்கிட்டு இருந்தவ நான். அவங்க வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கச் சொன்னாலும் நான் தேய்ப்பேன்."

"தேய்ச்சா கூலி கேட்கலாம். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லலாம். இதுல ரெண்டும் கிடையாது."

"எனக்கு வேற வழி தெரியல," என்றாள் அவள்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கெடுத்து வெட்டிவிட வேண்டும், மறுபடி கூப்பிடக் கூடாது என்று நினைத்துத்தான் போனார். கை கேட்கவில்லை. சீப்பும் கத்தரியும் கைக்கு வந்ததும் அவை தம் போக்கில் ஒழுங்காக வேலை பார்த்தன. மளிகைக்கடைக்காரர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, எங்க போகும்னேன்," என்றார். அதைக் கேட்டபோது லிஃப்ட்காரருக்கு யார்மேலும் கோபம் வரவில்லை, தன் கைமேல்தான் வந்தது. அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

அடுத்த ஞாயிறு கடைக்காரரின் தம்பி வந்தார், அதற்கடுத்து எதிர்வீட்டுக்காரர். வேலை நாட்களில் லிஃப்ட்காரர் வடத்தில் துணியைச் சுற்றித் தடவினார். விடுமுறை நாளில் பின்கட்டில் பிடரிகளைக் குனிய வைத்தார். வீட்டில் பேச்சு குறைந்துபோனது. பாப்பா மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பேச்சைக் கேட்டபடி சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஒருநாள் மதியம் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய அவள் பின்கட்டில் பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். தெருப்பிள்ளைகள் கவிழ்த்துப் போட்ட டப்பாக்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் கைக்குட்டை கிடந்தது. பாப்பா இரண்டு விரல்களைக் கத்தரியாக்கி ஒவ்வொரு தலையாக வெட்டிக்கொண்டு போனாள்.

"போதும், இப்ப நான் உட்கார்றேன். நீ வெட்டு," என்றாள் பாப்பா கடைக்காரரின் பையனிடம்.

"நான் வெட்ட மாட்டேன்," என்றான் அவன். "நீதான் வெட்டணும். எங்கப்பா சொல்லியிருக்காரு."

"சரி," என்றாள் பாப்பா. கொஞ்சமும் வருத்தமில்லாமல் அடுத்த தலைக்கு நகர்ந்தாள். "குனி," என்றாள்.

அம்மாக்காரி போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் பாப்பாவின் கால் தரையில் பாவவில்லை. "அம்மா, இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கம்மா, தாத்தா மாதிரியே நான்," என்று பிள்ளை ஆரம்பித்தது. படியில் வைத்து அதன் வாயைப் பொத்தினாள். எந்தச் சொற்களுக்காகத் தெருத்தெருவாக அலைந்தாளோ, அந்தச் சொற்கள் அவள் உள்ளங்கைக்குள் சூடாக முட்டின. அவள் கையை எடுக்கவில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு மண்டியிட்டு, பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது. அப்பா பத்தியும் பேசக் கூடாது. யார் என்ன கேட்டாலும் அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்லணும். புரியுதா?"

பாப்பா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் புருஷன் வந்ததும், "வேற வீடு பாருங்க," என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

சாமான் ஏற்றிய அன்று கடைக்காரம்மா வாசலுக்கு வந்து கண் கலங்கினாள். அது நடிப்பு இல்லை. பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கி வைத்திருந்தாள்.

"திடீர்னு கிளம்பறீங்களேம்மா. நாங்க ஏதாவது தப்பா ஒரு வார்த்தை சொன்னமா?"

"இல்லக்கா. நீங்க ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள்.

இந்த முறை லிஃப்ட்காரர் லிஃப்டைப் பார்க்கவில்லை. யாருக்கும் யாரையும் தெரியாத பகுதியாகப் பார்த்தார். நாடு நாடாக வந்தவர்கள் அடுக்கடுக்காகக் குடியிருக்கும் உயரமான கட்டடம். ஒரு மாடியின் பேச்சு அடுத்த மாடிக்குப் புரியாது. அங்கே யாரும் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரே இதே போல் இன்னொரு கட்டடம் தெரிந்தது. அவள் அந்தத் தெருவுக்குப் பேர் எதுவும் வைக்கவில்லை.

பள்ளியில் சேர்ப்பதற்கு முன் டாக்டரம்மா பார்க்க வேண்டும் என்றார்கள். அதே அறை, அதே மர பொம்மைகள். வீட்டில் நன்றாகப் பேசுகிறாள் என்று லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னார். டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு குதிரையைப் பாப்பாவின் கையில் கொடுத்தார். இவளுக்காகவே யாரிடமோ கேட்டுப் பழகி வைத்திருந்தார் போலிருக்கிறது. நம் மொழியில், கல்லைக் கடித்த மாதிரி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"உன் பேர் என்ன?"

பாப்பா குதிரையைக் கீழே வைத்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள். வாய் திறந்தது. திறந்ததை மூடிக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லலாமாம்மா?" என்று கேட்டாள்.

அம்மாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். லிஃப்ட்காரர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வியின் பொருள் தெரியாது. பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது என்று கை தட்டினார்.